எதிர்ப்பியக்கப் பெண்கள் பற்றிய புனைகதை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த ஐரோப்பிய நாடுகளில் தலைமறைவாகப் பணியாற்றிய பெண்களைப் பற்றிய நாவல்களும் சிறுகதைகளும் இன்று வரலாற்றுப் புனைகதையாகவே படிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் அவை வரலாறு அல்ல, அன்றாடம். எழுதியவர்களே அந்த வேலையில் இருந்தவர்கள்.

பிரான்சில் எல்சா த்ரியோலே எழுதிய 'அவிஞ்ஞோன் காதலர்கள்' 1943-இல், எடிசியோன் த மினுயி என்னும் தலைமறைவுப் பதிப்பகத்தின் வெளியீடாக, ஆண் பெயரில் வந்தது. கதைத்தலைவி ஜூலியெத் ஒரு தட்டச்சர். எதிர்ப்பியக்கத்துக்காக ஊர் ஊராக அலைகிறவள். இக்கதை இடம்பெற்ற தொகுப்புக்கு 1944-ஆம் ஆண்டுக்கான கோன்கூர் பரிசு 1945-இல் வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் த்ரியோலே.

இவ்வகையின் உச்சம் இத்தாலியில் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயுதமேந்திய எதிர்ப்புப் போராளிகளான பார்டிசான்களோடு இருந்த ரெனாத்தா விகனோவின் 'ஆஞ்ஞேசே சாகப் போகிறாள்' 1949-இல் வெளிவந்தது. ஆஞ்ஞேசே வயதானவள், பருத்த உடம்புக்காரி, ஊரார் துணியை வெளுத்துப் பிழைப்பவள். கணவனை ஜெர்மானியர் பிடித்துப்போகிறார்கள்; அவன் திரும்பவில்லை. அவன் வளர்த்த பூனையையும் ஒரு சிப்பாய் சுட்டுக் கொல்கிறான். அன்றிரவு அந்தச் சிப்பாயைத் துப்பாக்கியால் அடித்துவிட்டு வீட்டைவிட்டுப் போகிறவள், கொமாக்கியோ சதுப்புநிலத்துப் பார்டிசான்களுக்குச் சமைக்கிறாள், துவைக்கிறாள், வெடிமருந்து சுமக்கிறாள். வீரவசனம் ஒன்றுகூட இல்லை. முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கம்வரை படிக்கவைக்கிறார் விகனோ. 1976-இல் இது திரைப்படமானது.

பிரிட்டனில் கதை வேறு வழியில் வந்தது. 1940-இல் அமைந்த ரகசியப் போர் அமைப்பான சிறப்பு நடவடிக்கைப் பிரிவு, பிரான்சுக்குள் பெண்களையும் அனுப்பியது. ஆண்களைக் கட்டாய உழைப்புக்கு ஜெர்மனிக்குப் பிடித்துப்போன காலம் அது. சைக்கிளில் கூடையோடு போகும் பெண்மீது அவ்வளவாகச் சந்தேகம் விழவில்லை. திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கான் 1943 ஜூனில் வானொலித் தந்தி இயக்குநராகச் சென்று, 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். இப்பெண்களின் வாழ்க்கை வரலாறுகளே முதலில் எழுதப்பட்டன, படமாயின. நாவல் மெதுவாகத்தான் பின்தொடர்ந்தது. செபாஸ்டியன் ஃபாக்ஸின் 'ஷார்லட் கிரே' 1998-இல் வந்தது.

அதன்பின் பெருக்கம்தான். கிறிஸ்டின் ஹானாவின் 'நைட்டிங்கேல்' (2015), சுடப்பட்டு விழுந்த விமானிகளை ஸ்பெயினுக்குக் கடத்திய பெல்ஜியப் பெண் ஆந்த்ரே த யோங்கின் சாயலில் இஸபெல் என்னும் தலைவியைப் படைத்தது. ஆனால் மனத்தில் நிற்பவள் அவளுடைய அக்காள் வியான்: ஜெர்மன் அதிகாரி தங்கியிருக்கும் வீட்டிலிருந்தபடியே யூதக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறவள். கேட் க்வின்னின் 'ஆலிஸ் நெட்வொர்க்' (2017) முதல் உலகப் போர் ஒற்றர் லூயிஸ் த பெத்திஞ்ஞியிடம் பின்னோக்கிப் போனது. இந்த வரிசையில் தலைவியர் பெரும்பாலும் இளையவர்கள், அழகியர். ஆஞ்ஞேசேயின் வயதும் உடம்பும் உடையவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.