கண்ணப்பர் கதை: மறு ஆக்கங்கள்

ஏர்பேட்டை அடுத்த திருக்காளத்தியில் சிவனுக்குத் தன் கண்ணைக் கொடுத்த வேடர் கண்ணப்பரின் கதை, பழைய நினைவையும் புதிய உலகையும் ஒருசேரச் சுமக்கிறது. வாய்நீர்த் திருமஞ்சனம், இறைச்சிப் படையல், கண் இருக்குமிடம் அறிய ஊன்றிய கால்: இவை போனால் கதையே இல்லை, மற்றவை மாறலாம். 1976 தெலுங்குப் படத்தில் கண்ணப்பராக நடித்தவர் கிருஷ்ணம் ராஜு. அவருடைய தம்பி மகன் பிரபாஸ் அதே கதையின் 2025 படத்தில் ருத்ரனாக வருவது பழசை அறிந்தவருக்குச் சிலிர்ப்பு, அறியாதவருக்கு வெறும் நட்சத்திர வரவு. கதைக்குள் வேலை செய்யாத நினைவூட்டல் அலங்காரம்தான். இந்தப் புதிய படத்தை நியூசிலாந்தில் எடுத்ததால் காளத்தி மண்ணே தொலைந்தது என்பாரும் உண்டு. ஆனால் இக்கதையைப் பாடிய சேக்கிழாரும், நக்கீரர், கல்லாடர் பெயரிலுள்ள திருமறம் என்னும் கண்ணப்பர் பாடல்களுக்குப் பின் வந்தவரே. உடுப்பூர் வேடர் குடியிருப்பை நாயும் வலையும் பார்வை மானுமாக அவர் விரித்தார். அந்த விரிவு, கண்ணப்பர் ஆகும் முன் திண்ணனாராக இருந்தவரை விளக்கியது. நிலம் புதிதா என்பதைவிட, அது வேடனின் அன்பை விளக்குகிறதா என்பதே கேள்வி.