புள்ளியியல் பேர் வச்ச பங்காளி

தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர்னு எல்லாத்துக்கும் லேபிளும் படமும் அச்சடிக்கிற சிவகாசிப் பக்கத்துக்காரன் நான். எதைப் பார்த்தாலும் எனக்கு முதல்ல கண்ணுல படறது பேர்தான். அப்படி மாட்டினது 'எக்ஸெரெடோடான் ஸ்டாடிஸ்டிகே'. 20 கோடி வருஷத்துக்கும் முன்னாடி வாழ்ந்து அழிஞ்சு போன மிருகம். அதுக்கு எதுக்குய்யா ஸ்டாடிஸ்டிக்ஸ் பேரு?

மிருகத்தை முதல்ல பார்த்துடுவோம். இது சினோடான்ட், அதாவது 'நாய்ப்பல்' கூட்டம். பாலூட்டிகள் கிளைச்சு வந்ததும் இதே கூட்டத்துலேர்ந்துதான். ஆனா இது நமக்கு நேரடிப் பாட்டன் இல்லை, வாரிசில்லாம போன பங்காளி. ஓணான் மாதிரி அப்படியே விழுங்கற ஜாதி இல்லை. முன்பல், கடைவாய்ப்பல்னு தனித்தனியா வச்சுக்கிட்டு தழையை அரைச்சுத் தின்னது. இதோட நெருங்கின சொந்தங்கள் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் கிடைச்சிருக்கு. கடல் தாண்டிப் போகலை சாமி, அப்போ கண்டங்கள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

நம்ம விருதுநகர்ல தோண்டினா கிடைக்குமா? ம்ஹூம். கிணறு வெட்ட வெடி வைக்கிறோமே, அந்தப் பாறை இதைவிட ரொம்பப் பழசு, பூமிக்கடியில் வெந்து உருமாறினது. இது கிடைச்சது கோதாவரிப் பக்கம், ஆதிலாபாத் பகுதியின் மலேரி செம்பாறைகளில். அப்போ ஆந்திரா, 2014லிருந்து தெலங்கானா.

இப்போ பேருக்கு வருவோம். தோண்டினது கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1931ல் அதை ஆரம்பிச்சவர் பி.சி. மஹலனோபிஸ். மெஷின் லேர்னிங்ல 'மஹலனோபிஸ் தூரம்'னு படிச்சோமே, அவரேதான் :-) இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். நாடு அமெரிக்கக் கோதுமைக்குக் காத்திருந்த அந்த 1950களின் கடைசியில், லண்டன்லேர்ந்து பமேலா ராபின்சன் என்ற தொல்லுயிர் ஆய்வாளரைக் கூப்பிட்டு, நிறுவனத்துக்குள்ளேயே புவியியல் பிரிவை உருவாக்கினார்.

"இதனால என்ன பிரயோஜனம்?"னு அன்னிக்கும் யாராவது கேட்டிருப்பாங்க. எனக்கு இது ஆடம்பரமா தெரியலை. அந்தத் 'தூரம்' பிறந்ததே மனுஷங்க உடல் அளவுகளை ஒப்பிடப் போய்த்தான். எலும்பை அளக்கறது அவருக்கு அந்நியமா என்ன?

அந்தப் பிரிவு கண்டெடுத்த பெரிய டைனோசருக்கு 1975ல் தாகூர் பேரை வச்சு 'பரபாசாரஸ் டாகோரை' ஆக்கினாங்க. நிறுவனத்தோட பேர் கிடைச்சது இந்தத் தழைதின்னிக்கு. சங்கர் சாட்டர்ஜி 1982ல் அதை வச்சபோது, மஹலனோபிஸ் காலமாகி பத்து வருஷம் ஆயிருந்தது.