டிரெய்லர் லாரி கேபினுக்கு எல்.இ.டி விளக்கு: பேட்டரி இறங்காமல் நீங்களே பொருத்துவது எப்படி?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்பது வடசென்னைக்குப் புதிதல்ல. விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கம் வண்டி நின்றுவிட்டால் டிரைவருக்கும் கிளீனருக்கும் கேபின்தான் வீடு. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். ராத்திரி முழுக்க லைட் எரிந்து, காலையில் வரிசை நகரும்போது "செல்ஃப் எடுக்கலை" என்றால் பின்னால் நிற்கும் வண்டிகளும் மாட்டிக்கொள்ளும்.

எல்.இ.டி.க்கு மாறினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். செலவும் கம்மி. ஆனால் வயரிங் சரியாக இருக்க வேண்டும். அதில் தப்பு நடந்தால் விளக்கும் போகும், பேட்டரியும் போகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

எவ்வளவு மிச்சமாகும்?

கேபினில் 21 வாட் பழைய பல்பு இரண்டு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 42 வாட். 24 வோல்ட்டில் இது 1.75 ஆம்பியர். 10 மணி நேரத்தில் 17.5 ஆம்பியர்-மணி காலி.

கிட்டத்தட்ட அதே வெளிச்சத்தை 6 வாட் எல்.இ.டி தந்துவிடும். 10 மணி நேரத்துக்கு 2.5 ஆம்பியர்-மணிதான் செலவாகும். அதாவது, பழைய பல்பு ஒரே ராத்திரியில் குடிக்கும் சார்ஜில் எல்.இ.டி ஒரு வாரம் எரியும். பழைய பல்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகவே வீணாவதுதான் காரணம். சூடு குறைவதால் கேபினில் புழுக்கமும் கொஞ்சம் குறையும்.

24 வோல்ட்டை மறக்காதீங்க

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். இங்கேதான் இரண்டு தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு: கார், பைக்குக்கான 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை நேரடியாக 24 வோல்ட்டில் கொடுப்பது. உடனே கருகிவிடும்.

இரண்டாவது தவறு: ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுப்பது. விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் அந்த பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சார்ஜ் ஆகும்போது இன்னொன்றுக்கு அதிகமாக ஏறும். கடைசியில் இரண்டுமே சீக்கிரம் கெட்டுவிடும்.

இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 28 வோல்ட் வரை போகும். எனவே "9–32 வோல்ட்" என்று அச்சிட்ட விளக்கை வாங்குவது நல்லது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்தான் கையில் இருக்கிறது என்றால், நடுவில் 24-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும்.

பொருத்துவது எப்படி?

* பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். மைனஸ் முனையை முதலில் எடுத்து, கடைசியில் மாட்ட வேண்டும்.
* ஸ்ட்ரிப்பை வெட்டுவதாக இருந்தால் கத்தரி குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.
* அலுமினிய பட்டையில் ஒட்டினால் சூடு வெளியேறும், ஸ்ட்ரிப் நீடிக்கும்.
* பிளஸ் வயரில், பேட்டரிக்கு மிக அருகில், 2 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். வயர் உரசி ஷார்ட் ஆனால் தீயைத் தடுப்பது இதுதான்.
* டெயில் லைட், பிரேக் லைட் வயரிலிருந்து லைன் எடுக்காதீர்கள்.
* தகரத்தில் ஓட்டை போட்டு வயர் நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள்.

உப்புக் காற்று ஜாக்கிரதை

கடலோரச் சாலையில் நிற்கும் வண்டியில் இணைப்புகள் சீக்கிரம் பச்சை பூக்கும். முறுக்கி டேப் சுற்றுவது இங்கே தாங்காது. சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் டியூப் போடுங்கள். பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

இதைச் செய்யாதீங்க

இந்த மாற்றம் கேபினுக்குள் மட்டும்தான். முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. கண் கூசும் விளக்குகளை வெளியே மாட்டினால் எதிரே வருபவருக்கு ஆபத்து. ஓட்டும்போது கேபின் லைட்டை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மறைக்கும்.