துபாஷி கட்டிய வீடு

இன்றைய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் டேவன்போர்ட் நகரம் பிறப்பதற்கு 3 ஆண்டு முன்பே ஒரு வீடு எழும்பிவிட்டது. அந்த வீட்டுக்கு மனை குறித்துக் கொடுத்தது ஒரு தோல்வி.

1832 செப்டம்பர். அமெரிக்கப் படையுடனான போரில் தோற்ற ஸாக் பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக் சிறையில் இருந்தார். எதிரே ராக் ஐலண்ட் தீவில் இருந்த கோட்டையில் காலரா. அதனால் பேச்சுவார்த்தை மேற்குக் கரையில் நடந்தது. ஒருபுறம் அமெரிக்க ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட், மறுபுறம் ஸாக் தலைவர் கியோகக். நடுவில் துபாஷியாக நின்றவர் அந்துவான் லெக்ளேர். தகப்பனார் பிரெஞ்சு கனடியர், தாய் பொட்டவாட்டமி பழங்குடிப் பெண். அவர் வாய்வழியே சுமார் 60 லட்சம் ஏக்கர் கைமாறியது.

உடன்படிக்கையில் பழங்குடியினரே கேட்டு ஒரு வரி சேர்த்தார்கள்: தங்கள் நண்பர் லெக்ளேருக்கு ஆற்றோரம் 2 சதுர மைல் தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்த இடத்திலேயே வீடு கட்ட வேண்டும் என்று கியோகக் நிபந்தனை போட்டதாகவும், அந்த மனையை லெக்ளேரின் மனைவி, ஸாக் வம்சத்தில் வந்த மார்கரீட்டுக்கென்றே கொடுத்ததாகவும் ஊரில் சொல்வார்கள். இழப்பவர்கள் தந்த கொடை இது. இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகிறது.

1833இல் வீடு எழும்பியது. அதே ஆண்டு விடுதலையாகி வந்த பிளாக் ஹாக், தன் வாழ்க்கையைச் சொல்ல லெக்ளேரைத்தான் தேடி வந்தார். சொன்னது சொன்னபடியே இருக்கிறது என்று லெக்ளேர் எழுதிக்கொடுத்த சான்றோடு புத்தகம் வெளிவந்தது. முகப்பில் ஸாக் மொழியிலேயே அச்சான ஒரு சமர்ப்பணம். தன்னைத் தோற்கடித்த ஜெனரல் அட்கின்சனுக்கு! நிலம் போன பேச்சும், அதை இழந்தவரின் முறையீடும் ஒரே நாவில் ஏறி வந்தன. லெக்ளேரை வெறும் தரகர் என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இந்தப் புத்தகமே காரணம்.

1836இல் அவரும் கூட்டாளிகளும் பக்கத்து நிலத்தை வாங்கி நகரத்துக்கு மனை பிரித்தார்கள். ஊருக்கு லெக்ளேரின் பெயரை விட்டு, அவருடைய நண்பர் ஜார்ஜ் டேவன்போர்ட்டின் பெயரை வைத்தார்கள். தேவாலயத்துக்கும் லெக்ளேர் நிலம் கொடுத்தார். 1853இல் ரயில் பாதைக்கு முதல் மண்ணை வெட்டியதும் பருத்த உடம்புக்காரரான அவர்தான். ரயில் வந்தபோது, உடன்படிக்கை இடத்தில் கட்டிய அந்த வீடே ஊரின் முதல் ரயில் நிலையமாயிற்று. நிலத்தை விட்டுப் போனவர்களின் நினைவாக நின்ற வாசலில், நிலம் தேடி வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள்.

லெக்ளேர் 1861இல் காலமானார். அதற்கு 4 ஆண்டு முன்பு, ஸாக் மக்களோடு சேர்ந்து நிலத்தை இழந்த மெஸ்குவாக்கி மக்கள், அதே அயோவாவின் டாமா கவுண்டியில் 80 ஏக்கரை 1,000 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கினார்கள். இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள்.