ஒரு தேனீ, இரு பாடங்கள்

ஜான் பனியன் 1686-இல் சிறுவர் சிறுமியருக்கென ஒரு கவிதை நூல் வெளியிட்டார். தவளை, மெழுகுவர்த்தி முதலிய எளிய பொருள்களை முதலில் வருணித்து, பின்னர் ‘ஒப்புமை’ என்னும் தலைப்பின்கீழ் ஆவிக்குரிய கருத்தை விளக்குவது அதிலுள்ள பல பாடல்களின் முறை. அங்கே தேனீ பாவத்திற்கு உருவகம். தேன் இனிது, நாடி வருவோரைக் கொடுக்குத் தீண்டும்.

1715-இல் ஐசக் வாட்ஸ் பிள்ளைகளுக்கான தம் பக்திப் பாடல்களை வெளியிட்டார். அதே தேனீ அவரிடத்தில் சோம்பலறியா உழைப்பின் அடையாளமாயிற்று. ஆங்கிலச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக அதனை மனனம் செய்து ஒப்பித்தனர். 1865-இல் லூயிஸ் கரோல் தம் ‘ஆலிஸ்’ கதையில் தேனீயை நீக்கி, புன்னகையோடு மீன்களை விழுங்கும் முதலையை வைத்துப் பரிகசித்தார். அவரும் 1861-இல் ஆங்கிலத் திருச்சபையில் உதவிக்குருவாக அபிஷேகம் பெற்றவரே.

பனியன், வாட்ஸ் இருவருள் தேனீயைச் சரியாகக் கண்டவர் யார் என வினவுதல் பொருந்தாது. நம் ஆண்டவர் பரலோக ராஜ்யத்தைப் புளித்த மாவுக்கு ஒப்பிட்டார் (மத். 13:33); பரிசேயரின் உபதேசத்தையும் புளித்த மா என்றே குறித்தார் (மத். 16:6, 12). ஒரு பொருளுக்கு ஒரே கருத்து என எவரும் முத்திரையிட இயலாது. ஆயினும், பொருளை உற்றுநோக்கும்வரையே ஒப்புமை உயிரோடிருக்கும். வெறும் மனப்பாடமானால் அது பரிகாசத்திற்கு இடமாகும்.

ஞாயிறு பள்ளியில் நாம் நீதியைச் சொல்ல விரைகிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறு விரைந்தவனே. பனியனைப் போல முதலில் தேனீயைக் காட்டுவோமாக. குழந்தை அதை நன்கு பார்க்கட்டும். ஒப்புமை அதன்பின் வரட்டும்.