வழிதவறும் விமானங்களும் வானத்து எல்லைகளும்

வானத்திலே வேலியும் இல்லை. எல்லைக் கற்களும் இல்லை. ஆயினும், ஒவ்வொரு நாடும் தனது நிலப்பரப்புக்கும் அதனை அண்டிய கடற்பரப்புக்கும் மேலுள்ள வான்பரப்பின் மீது முழுமையான இறைமையைக் கொண்டுள்ளது என 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ சமவாயம் கூறுகின்றது. இராணுவத் தேவை அல்லது பொதுமக்களின் பாதுகாப்புக் கருதிச் சில பகுதிகளைத் தடைசெய்யும் உரிமையும் நாடுகளுக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இக்கோட்டினைப் பயணிகள் விமானமொன்று தவறுதலாகத் தாண்டிவிட்டால் என்ன நேரும்? கடந்த நூற்றாண்டு இக்கேள்விக்கு மிகக் கசப்பான பதில்களை விட்டுச் சென்றுள்ளது.

விமானிகளிடையே வழக்கிலுள்ள கணக்கொன்று உண்டு. திசையில் ஒரு பாகை பிழைத்தால், 60 கடல் மைல் பறந்த பின்னர் விமானம் ஒரு கடல் மைல் விலகி நிற்கும். குறுகிய பயணத்தில் இது பெரிதன்று. ஆனால், தரையிலிருந்து ராடரால் கண்காணிக்க முடியாத சமுத்திரத்தின் மேலே மணிக்கணக்கில் பறக்கும்போது சிறு பிழையும் நூற்றுக்கணக்கான மைல்களாக வளர்ந்துவிடுகின்றது.

1973 பெப்ரவரி 21 அன்று திரிப்போலியிலிருந்து பெங்காசி வழியாகக் கெய்ரோ நோக்கிச் சென்ற லிபிய விமானம், மணற்புயலுக்கு மத்தியில் வழிதவறி, அப்போது இஸ்ரேல் ஆக்கிரமித்திருந்த சினாய் பிரதேசத்தினுள் நுழைந்தது. இஸ்ரேலியப் போர் விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த 113 பேரில் 108 பேர் உயிரிழந்தனர். 1978 ஏப்ரல் 20 அன்று பாரிஸிலிருந்து சியோலுக்குப் புறப்பட்ட தென்கொரிய விமானம், காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாத வடதுருவப் பகுதியில் திசைமாறி, சோவியத் ஒன்றியத்தின் கோலா தீபகற்பத்தை அடைந்தது. ஏவுகணைத் தாக்குதலில் இருவர் கொல்லப்பட்டனர். சேதமடைந்த விமானத்தை உறைந்த ஏரியொன்றின் மீது விமானி இறக்கியதால் ஏனையோர் உயிர் தப்பினர்.

இவற்றுள் உலகை அதிகம் உலுக்கியது 1983 செப்டெம்பர் 1 ஆம் திகதிய சம்பவமாகும். நியூயோர்க்கிலிருந்து அலாஸ்காவின் அங்கரேஜ் வழியாகச் சியோலுக்குச் சென்ற தென்கொரியாவின் 007 இலக்க விமானத்தில் 269 பேர் இருந்தனர். விமானத்தைத் தானாகச் செலுத்தும் கருவி, வழிகாட்டும் கணினியுடன் இணைந்து இயங்கியிருக்க வேண்டும். மாறாக, அது நிலையான ஒரே திசையில் செல்லும் நிலையிலேயே இருந்தது என்றும், விமானிகள் அதனைக் கவனிக்கவில்லை என்றும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993 இல் முடிவு செய்தது. பிழையை உணர்த்தும் அறிகுறிகள் இல்லாமலில்லை. அங்கரேஜுடன் நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாமற்போனபோது, பின்னால் வந்த மற்றொரு தென்கொரிய விமானமே செய்திகளைக் கடத்தியது. எனினும், திட்டமிட்ட இடங்களைக் கடந்துவிட்டதாகவே விமானிகள் அறிவித்துக்கொண்டிருந்தனர். ஐந்து மணித்தியாலத்துக்கும் மேலாகப் பறந்த விமானம், பாதையிலிருந்து 500 கிலோமீற்றருக்கும் அதிகமாக விலகி, கம்சட்கா தீபகற்பத்தைக் கடந்து சகாலின் தீவின் வானில் நின்றது.

இங்கேதான் இரண்டாவது பிழை தொடங்குகின்றது. அன்றிரவு கம்சட்காவுக்கு அப்பால் அமெரிக்க உளவு விமானமொன்றும் பறந்திருந்தது. அதுவே ஊடுருவியதாகச் சோவியத் தரப்பு கருதியது. எரிபொருளைச் சேமிப்பதற்காக, டோக்கியோவிடம் அனுமதி பெற்று விமானம் 35,000 அடிக்கு மேலெழுந்தபோது, அதன் வேகம் குறைந்தது. அது தப்பியோடும் தந்திரமெனக் கொள்ளப்பட்டது. அவசர வானொலி அலைவரிசையில் ஒரு தடவையேனும் அழைக்கப்படாமலேயே அவ்விமானம் ஏவுகணைக்கு இரையானது. எவரும் உயிர் தப்பவில்லை.

அந்த உயிர்கள் வீண்போகவில்லை என ஆறுதல் கொள்வதற்கு இரண்டு விடயங்கள் உண்டு. அம்மாதமே அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் நிர்வாகம், ஜி.பி.எஸ். செய்மதி வழிகாட்டல் முறை தயாரானதும் சிவில் விமானங்களும் அதனைப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. 1984 மே 10 அன்று சிக்காகோ சமவாயத்தில் புதிய உறுப்புரையொன்று சேர்க்கப்பட்டது. பறக்கும் சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிப்பதை நாடுகள் தவிர்க்க வேண்டும் என்றும், இடைமறிக்கும்போது பயணிகளின் உயிருக்கு ஆபத்து நேரக்கூடாது என்றும் அது வலியுறுத்துகின்றது. ஆனால், அது நடைமுறைக்கு வர 1998 ஒக்டோபர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கிடையில், 1988 ஜூலை 3 அன்று ஹோர்முஸ் நீரிணைக்கு மேலே தனக்குரிய பாதையிலேயே சென்ற ஈரானியப் பயணிகள் விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். வழிதவறாத விமானத்துக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை அது உணர்த்தியது.

இன்று கருவிகள் பெரிதும் முன்னேறியுள்ளன. ஆயினும், அக்கருவிகளையே ஏமாற்றும் நிலையும் தோன்றியுள்ளது. 2023 செப்டெம்பரில் ஈராக் – ஈரான் எல்லையை அண்டிய வான்வழிகளில், போலியான ஜி.பி.எஸ். சமிக்ஞைகளால் விமானங்கள் தமது இருப்பிடத்தையே அறியாது தடுமாறின. மோதல் நிகழும் பிரதேசங்களை அண்டி இத்தகைய குறுக்கீடுகள் அதன் பின்னரும் தொடர்ந்து பதிவாகியுள்ளன.

மனிதன் இயக்கும்வரை விமானம் வழிதவறும் சாத்தியம் முற்றாக நீங்கப்போவதில்லை. அந்தத் தவறு தனித்துப் பேரழிவாக மாறுவது அரிது. வானில் நேர்ந்த பிழையுடன் தரையிலிருப்போரின் அவசரமும் ஐயமும் சேரும்போதே நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாகின்றன. ஆகவே, வழிதவறி வந்தவரை அடையாளம் காணும் பொறுமை, ஆயுதம் தாங்கியவருக்கு ஒரு சலுகையன்று. அது அவரது கடமையாகும். எல்லையைக் காக்கும் உரிமை எத்துணை பெரிதாயினும், அறியாது அதனைத் தாண்டிய பயணியின் உயிர் அதனினும் பெரிது.