கப்ரீஸ்

கப்ரீஸ் என்பது முன்யோசனையோ வெளிப்படையான காரணமோ இன்றி மனத்தில் திடுமென எழும் விருப்பத்தையும், அதனால் ஒருவர் போக்கில் நேரும் மாற்றத்தையும் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல். இத்தாலியத்தின் 'கப்ரிச்சோ' பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இவ்வடிவம் பெற்றது. 'கப்ரிஷஸ்' என்னும் பெயரடை அதற்குச் சற்று முன்னதாக, 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழங்கியது. மனம்போன போக்கு, சபலம் என்று தமிழில் சூழலுக்கேற்ப எழுதுவர்.

சொற்பிறப்பு

இத்தாலியத்தில் 'காப்போ' தலை. 'ரிச்சோ' முள்ளெலியையும் சுருள்முடியையும் குறிக்கும். இரண்டும் கூடிப் பிறந்த சொல்லுக்கு முதலில் விருப்பம் என்ற பொருளே இல்லை. அச்சத்தால் தலைமயிர் முள்ளெலியின் முட்களைப் போலக் குத்திட்டு நிற்பதையும், உடல் நடுங்குவதையுமே அது குறித்தது. உடம்பில் திடீரென ஓடும் சிலிர்ப்பு பிற்பாடு மனத்தில் திடீரென எழும் எண்ணத்துக்குப் பெயராயிற்று. தமிழ்நாட்டின் வறண்ட காடுமேடுகளில் வாழும் முள்ளெலியை ஆள் நெருங்கும்போது பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். அது தலையை உள்ளிழுத்து ஒரு நொடியில் முள்ளுருண்டையாகிவிடும்.

'காப்ரா', அதாவது வெள்ளாடு, என்ற சொல்லிலிருந்து இது வந்தது என்பது பரவலான விளக்கம். நின்ற இடத்தில் நில்லாமல் துள்ளும் ஆட்டின் இயல்பைப் பார்த்து ஏற்பட்ட பிற்காலப் பொருத்தம் இது. ஆனாலும் சொல்லின் பொருளை நடுக்கத்திலிருந்து துள்ளலுக்கு நகர்த்தியதில் ஆட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஷேக்ஸ்பியர் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் விதூஷகன் டச்ஸ்டோனை ஆடுகளின் நடுவே நிறுத்தி இச்சொல்லை வைத்துச் சிலேடை பேச வைத்திருக்கிறார். அக்காலத்திலேயே ஆட்டின் நினைவு சொல்லோடு ஒட்டிக்கொண்டது என்பதற்கு இது சான்று.

ஆட்டின் சிலிர்ப்பு

சொல்லோடு ஒட்டிய இரண்டும், நடுக்கமும் ஆடும், ஒருசேரக் காணக்கிடைக்கும் வழக்கம் கொங்கு நாட்டில் உண்டு. கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிகளின் குலதெய்வக் கோயில்களில் கிடாய் வெட்டுமுன் அதன்மேல் மஞ்சள் தண்ணீரோ தீர்த்தமோ தெளித்துவிட்டுக் காத்திருப்பர். ஆடு தானாக உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். இதுவே துளுக்குதல். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்ததாகப் பொருள். துளுக்காவிட்டால் மறுபடியும் தண்ணீர் தெளிப்பர், பங்காளிகளில் யாருக்கு என்ன மனக்குறை என்று விசாரிப்பர், தவறு நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி சாமியை வேண்டுவர். தண்ணீர் பட்ட உடல் உதறுவது இயற்கைதான். ஆனால் எந்த நொடியில் உதறும் என்பது மனிதர் கையில் இல்லை என்பதே அதற்கு மதிப்பைத் தருகிறது.

இவ்வழக்கம் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் உண்டு. பண்டைக் கிரேக்கத்திலும் இருந்தது. டெல்ஃபி கோயிலில் குறி கேட்குமுன் வெள்ளாட்டின்மேல் குளிர்ந்த நீர் ஊற்றுவர். அது உடல் முழுதும் நடுங்கினால்தான் குறிசொல்லும் பெண் பீடமேறலாம். அங்கே பூசாரியாக இருந்த புளூட்டார்க் இதை எழுதிவைத்துள்ளார். ஆடு சரியாக நடுங்காத ஒருநாளில் வற்புறுத்தி அனுப்பப்பட்ட பெண் வெறிகொண்டு ஓடிவந்து சில நாளில் இறந்ததையும் அவரே பதிவு செய்கிறார். காரணமற்றதென்று இகழப்படும் திடீர் அசைவை இரு நாகரிகங்கள் தெய்வத்தின் சொல்லாக மதித்தன. அகராதிகள் இச்சொல்லுக்குத் தரும் இழிபொருள் முழுமையானதன்று.

கோயில்களில் இவ்வாறு கிடாய் வெட்டுவதைத் தடுத்த, தமிழ்நாட்டின் 1950ஆம் ஆண்டு விலங்குப் பலித் தடைச் சட்டம் 2003இல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு, 2004இல் நீக்கப்பட்டது.

கலை, சட்டம்

விதிக்கு அடங்காத கற்பனையை மெச்ச ஓவியரும் இசைவாணரும் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். கோயாவின் 80 செதுக்கோவியங்கள் 1799இல் 'லோஸ் கப்ரீச்சோஸ்' என்ற பெயரில் வந்தன. பாகனினியின் வயலின் கப்ரீஸ்கள் 24; அச்சேறியது 1820இல்.

சட்டத்தில் இது குற்றச்சாட்டுச் சொல். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த இ.பி. ராயப்பா தம்மை வேறு பதவிக்கு மாற்றியதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், சமத்துவம் சட்டத்தின் ஆட்சியைச் சேர்ந்தது, தன்னிச்சை முடிமன்னனின் கப்ரீஸைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி எழுதினார். ராயப்பாவின் மனு தள்ளுபடியானது. அந்த வரையறை நிலைத்துவிட்டது. 1974ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் உள்ள இத்தீர்ப்பு இன்றும் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.